விளையாட்டுப் பயிற்சியாளர் ஆவதற்கும் படிப்பு உண்டு

 

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் நம் மஹல்லாக்களில் இரண்டே பேச்சுதான். மதிப்பெண் நன்றாக இருந்தால் இன்ஜினியரிங், குறைவாக இருந்தால் சிப்காட். ஓசூரில் தொழிற்சாலை வாசல்களுக்குப் பஞ்சமில்லை. காண்ட்ராக்ட் வேலை என்றாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது என்பதால் அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் ஒவ்வொரு வருடமும் இந்த இரண்டு வழியிலும் சேராத சில பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். குறுவட்டப் போட்டியில் முதலாவதாக ஓடியவன், மாவட்ட அணிக்குக் கபடி ஆடியவள், அஸர் தொழுகை முடிந்ததும் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து ஃபுட்பால் சொல்லிக்கொடுப்பவன். "விளையாட்டு சோறு போடுமா?" என்ற ஒரு கேள்வியோடு வீட்டில் அவர்கள் பேச்சு முடிந்துபோகிறது. நியாயமான கேள்விதான். அதற்கு விவரத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடம்.

ஒரு பள்ளி ஆசிரியரின் கதை

ஹைதராபாத்தில் சையத் அப்துல் ரஹீம் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1909-ல் பிறந்தவர். பட்டப்படிப்பு முடித்து ஆசிரியராக இருந்தபோதே உடற்கல்வியில் டிப்ளமோ படித்தார். பள்ளிகளில் பிள்ளைகளுக்கு விளையாட்டு கற்றுக்கொடுத்தார். ஹைதராபாத் போலீஸ் கால்பந்து அணிக்கும், 1950-ல் இந்திய அணிக்கும் பயிற்சியாளர் ஆனார்.

அவர் பயிற்சியில் இந்தியா 1951-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றது. மறுவருடமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. நம் வீரர்களில் பெரும்பாலோர் அப்போது வெறுங்காலோடு ஆடினார்கள். ரஹீம் சாஹிப் அந்தத் தோல்வியைத் தலைவிதி என்று விட்டுவிடவில்லை. வீரர்கள் பூட்ஸ் அணிந்து ஆடப் பழகினார்கள். பந்தை உருட்டிக்கொண்டே ஓடாமல் உடனுக்குடன் கடத்தி ஆடும் போட்டிகளையும், பழக்கமில்லாத காலால் மட்டும் ஆடும் போட்டிகளையும் அவர் நடத்தினார். நான்கே வருடத்தில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய அணி அதுதான்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்ற அணி, இறுதி ஆட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் கொண்டுவந்தது. மறுவருடம் ஜூன் மாதம் புற்றுநோயால் ரஹீம் சாஹிப் மறைந்தார்.

அவர் உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளர் ஆனவர் அல்லர். படித்து, கவனித்து, சொல்லிக்கொடுத்துப் பயிற்சியாளர் ஆனவர். நன்றாக ஆடுவது ஒரு திறமை, ஆடக் கற்றுக்கொடுப்பது வேறொரு திறமை. இரண்டாவது திறமைக்குக் கல்லூரியில் படிப்பு இருக்கிறது.

நமக்கு அருகிலேயும் ஓர் உதாரணம் உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் பாதிக்கப்பட்டவர். அவருக்குள் ஒரு உயரம் தாண்டும் வீரன் இருக்கிறான் என்று முதலில் கண்டவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் சத்யநாராயணா அவரை உருவாக்கினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். பள்ளியில் கண்டவர் ஒருவர், மைதானத்தில் வளர்த்தவர் ஒருவர். இந்த இருவரும் இல்லாவிட்டால் அந்தப் பதக்கங்கள் இல்லை.

கல்லூரியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்?

"விசில் ஊத எதற்கு மூன்று வருடம்?" என்று கேட்பவர்கள் உண்டு. பாடங்களைப் பாருங்கள்: எலும்பு, தசை பற்றிய உடற்கூறியல், இதயம், நுரையீரல் எப்படி உழைக்கின்றன என்ற உடலியங்கியல், பயிற்சி முறையியல், விளையாட்டு உளவியல், காயங்களும் முதலுதவியும், உணவு, ஆட்ட விதிகள், மைதானம் அமைப்பது, பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துப் பழகுவது. மூன்று சிறு உதாரணங்கள் தருகிறேன்.

ஒன்று, கணக்கு. 400 மீட்டர் ஓட்டத்தில் வெளித் தடத்தில் ஓடுபவர் ஏன் முன்னால் நிற்கிறார்? வளைவில் வெளித் தடம் நீளம் அதிகம் என்பதால்தான். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். முதல் தடத்தை உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள், மற்ற தடங்களை 20 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள். கணக்கிட்டால் இரண்டாம் தடத்துக்காரர் 7.04 மீட்டரும், மூன்றாம் தடத்துக்காரர் 14.70 மீட்டரும் முன்னால் நிற்க வேண்டும். சுண்ணாம்புக் கோடு போடுபவருக்கு இது தெரியாவிட்டால் ஒரு பிள்ளையின் உழைப்பு அநியாயமாய் வீணாகும்.

இரண்டு, இதயத் துடிப்பு. 220-லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு எவ்வளவு என்று தோராயமாகத் தெரியும். 16 வயதுப் பிள்ளைக்கு 204. மிதமான பயிற்சி என்றால் அதில் 60 முதல் 70 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 122 முதல் 143 வரை. கருவி எதுவும் வேண்டாம். கழுத்தில் விரல் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். இதைப் படித்தவர் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அளவில் விரட்ட மாட்டார்.

மூன்று, வெயில். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி தாழ்வாக இருப்பதால் வெப்பம் அதிகம். ஓசூர் குளிரில் பழகிய பிள்ளையைக் கோடையில் கிருஷ்ணகிரிக்கோ சென்னைக்கோ கூட்டிப்போய் நேராகப் போட்டியில் இறக்கினால் உடல் தாங்காது. வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். வெயிலில் ஓடிய பிள்ளை தடுமாறினாலோ, குழறிப் பேசினாலோ அது களைப்பு அல்ல, உயிருக்கு ஆபத்து. முதலில் நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். அதே நேரத்தில் 108-ஐ அழைக்க வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி நாட்களில் கபடி ஆடும்போது என் கணுக்கால் சுளுக்கியது. எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிதர், ஆனால் இதைப் படித்தவர் அல்லர். தைலம் போட்டு அழுத்தித் தேய்த்து, காலை இழுத்துவிட்டு, "ஒன்றுமில்லை, இறங்கு" என்றார். இறங்கினேன். அன்று மாலை கால் பானை போல வீங்கியது. இன்றும் குளிர்காலத்தில் அந்தக் கால் வலிக்கிறது. சுளுக்கு ஏற்பட்டவுடன் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம், அளவான கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்பதுதான் முதலுதவி. காலை ஊன்றவே முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பயிற்சியாளர் படிக்காமல் போனால் விலை கொடுப்பது பிள்ளையின் உடல்.

எந்தப் படிப்பு, எந்த வேலைக்கு?

இங்கேதான் பல குடும்பங்கள் குழம்புகின்றன. உடற்கல்வி ஆசிரியர் வேறு, பயிற்சியாளர் வேறு, ஜிம் பயிற்றுநர் வேறு. மூன்றுக்கும் வழிகள் தனித்தனி.

பள்ளியில் ஆசிரியராக வேண்டும் என்றால்: பிளஸ் டூ முடித்ததும் மூன்று வருட பி.பி.இ.எஸ். பட்டம், பிறகு இரண்டு வருட பி.பி.எட். வேறு பட்டம் படித்தவர்களும் விளையாட்டில் பங்கேற்ற தகுதி இருந்தால் பி.பி.எட். சேரலாம். பிளஸ் டூ தகுதியில் சேரும் இரண்டு வருட டி.பி.எட். பட்டயமும் உண்டு. மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி இயக்குநர் ஆவதற்கு மேலும் இரண்டு வருட எம்.பி.எட். வேண்டும். சேர்க்கையின்போது உடல்தகுதித் தேர்வும் ஆட்டத்திறன் தேர்வும் நடக்கும் என்பதால் ஓட்டப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

ஒரு குறிப்பிட்ட விளையாட்டுக்குப் பயிற்சியாளர் ஆக வேண்டும் என்றால்: பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் டிப்ளமோதான் நாடு முழுவதும் மதிக்கப்படுவது. "என்.ஐ.எஸ். முடித்தவர்" என்று சொல்வது இதைத்தான். இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையம் பெங்களூரில் இருக்கிறது, நமக்கு இரண்டு மணி நேரப் பயணம். டிப்ளமோவுக்கு வர முடியாதவர்களுக்கு ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. கால்பந்துக்கு டி, சி, பி, ஏ என்ற படிப்படியான உரிமங்கள் உண்டு.

ஜிம், உடற்தகுதிப் பயிற்சி என்றால்: மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் விளையாட்டு, உடற்கல்வித் துறைக்கென்று தனித் திறன் கவுன்சில் இருக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற மையங்களில் குறுகிய காலப் பயிற்சி பெறலாம். பிசியோதெரபி என்பது இவற்றில் சேராத தனி மருத்துவத் துறைப் பட்டம். அதையும் இதையும் ஒன்று என்று சொல்லிச் சேர்ப்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

நம் மாநிலத்தில் இத்துறைக்கு நல்ல நிறுவனங்கள் இருக்கின்றன. சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கினார். நாட்டிலேயே மிகப் பழமையானது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. காரைக்குடி அழகப்பா உடற்கல்விக் கல்லூரி, கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் மாருதி உடற்கல்விக் கல்லூரி ஆகியவையும் உண்டு.

செலவுக்கு என்ன வழி?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகள் உயர்கல்வி சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்கள் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் பெறலாம். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. லப்பை, ராவுத்தர், மரைக்காயர் மட்டுமல்ல, தெக்கனி முஸ்லிம், ஷேக், சையத், தூதேகுலா ஆகியோரும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். உருது பேசும் நம் சகோதரர்கள் பலர் இதை அறியாமல் சான்றிதழே வாங்காமல் இருக்கிறார்கள். கல்விக் கடனுக்கு டாம்கோ எனப்படும் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் உள்ள சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நமக்குச் சென்னையைவிட பெங்களூர் பக்கம். அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம். தினமும் வீட்டிலிருந்து போய்வரலாம் என்று அங்கே சேர்க்கத் தோன்றும். ஆனால் நம் சாதிச் சான்றிதழுக்கு அங்கே மாநில ஒதுக்கீடு கிடைக்காது. உதவித்தொகைத் திட்டங்கள் செல்லுமா என்பதையும் சேரும் முன்பே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பஸ் செலவில் மிச்சம் பிடித்ததைக் கல்விக் கட்டணத்தில் இழக்கக் கூடாது.

சம்பளம் பற்றி மறைக்காமல்

தொடக்கத்தில் தனியார் பள்ளியில் தரும் சம்பளம் சிப்காட் காண்ட்ராக்ட் சம்பளத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அரசுப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிளஸ் டூ-வுக்குப் பிறகு எம்.பி.எட். வரை ஏழு வருடம். அந்த ஏழு வருடம் வீடு தாங்குமா என்பதை அத்தாவும் அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். தாங்காது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு பட்டம் முடித்து, பிறகு பி.பி.எட். அல்லது சான்றிதழ் படிப்புக்கு வரலாம்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். ஓசூரைச் சுற்றிப் பள்ளிகள் பெருகியிருக்கின்றன. எலக்ட்ரானிக் சிட்டி வரை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நீச்சல் குளமும் ஜிம்மும் கட்டுகிறார்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழும் உருதும் வீட்டிலேயே வரும், தெலுங்கும் கன்னடமும் தெருவில் வரும். நான்கு மொழியில் பிள்ளைகளோடு பேசக்கூடிய பயிற்சியாளரை எந்தப் பள்ளி வேண்டாம் என்று சொல்லும்?

பெண் பிள்ளைகள்

அண்ணலார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்துக்கொண்டதை நாம் அறிவோம். அப்படியிருந்தும் பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறோம். கேட்டால் இரண்டு காரணம் சொல்கிறோம். ஒன்று உடை, மற்றொன்று ஆண் பயிற்சியாளர்.

உடைக்கு வழி பிறந்துவிட்டது. கால்பந்தில் 2014-லும், கூடைப்பந்தில் 2017-லும் தலைமறைப்போடு ஆட உலக அமைப்புகள் அனுமதி கொடுத்தன. நிஜாமாபாத்தின் நிகத் ஜரீனை அவர் தந்தைதான் விளையாட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் 2022-லும் 2023-லும் குத்துச்சண்டையில் உலகச் சாம்பியன் ஆனார்.

இரண்டாவது காரணத்துக்கு வழி நம் கையில் இருக்கிறது. பெண் பயிற்சியாளர் இல்லை என்று வருத்தப்படுகிற நாமே நம் பெண் பிள்ளைகளை அந்தப் படிப்புக்கு அனுப்புவதில்லை. ஒரு பெண் படித்து வந்தால், அவள் பின்னால் ஒரு மஹல்லாவின் பெண் பிள்ளைகள் அனைவரும் மைதானத்துக்கு வர முடியும். சர்க்கரை நோயோடு இருக்கும் தாய்மார்களுக்கும் நடைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கும். 5 முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிடம், பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை.

நோன்புக் காலமும் அப்படித்தான். நோன்பு வைத்த பிள்ளையை நண்பகல் வெயிலில் ஓடவிடக் கூடாது. இஃப்தாருக்குச் சற்று முன்பு லேசான பயிற்சி, கடினமான பயிற்சி தராவீஹுக்குப் பிறகு, இஃப்தார் முதல் சஹர் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். இதை அறிந்த பயிற்சியாளர் நம்மிடமிருந்தே வந்தால் பிள்ளை நோன்பா, ஆட்டமா என்று தவிக்க வேண்டியதில்லை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. பி.பி.எட்., டி.பி.எட். என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் இந்த வருடம் நடப்பில் இருக்கிறதா?
2. பட்டம் என்றால் எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது? யு.ஜி.சி. பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா?
3. "என்.ஐ.எஸ்.-க்குச் சமம்" என்று சொன்னால், அப்படிச் சொல்லும் அரசாணையைக் காட்டச் சொல்லுங்கள்.
4. மைதானம் எங்கே? நேரில் போய்ப் பாருங்கள். மைதானமே இல்லாத உடற்கல்விப் படிப்பு, தண்ணீர் இல்லாத நீச்சல் குளம்.
5. மொத்தக் கட்டணம் எவ்வளவு? ரசீது தருவார்களா? நடுவில் நின்றால் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தருவார்களா?
6. சிறு பிள்ளைகளை அகாடமியில் விடும்போது: பெற்றோர் பயிற்சியைப் பார்க்க அனுமதி உண்டா? தனியறையில் தனியாகப் பயிற்சி என்றால் சம்மதிக்காதீர்கள். தவறு நடந்தால் 2012-ஆம் வருட போக்சோ சட்டம் இருக்கிறது, 1098 உதவி எண் இருக்கிறது. மானம் போகும் என்று மறைக்காதீர்கள்.

குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பிள்ளை பெற்ற ஒவ்வொரு சான்றிதழையும் லேமினேட் செய்யாமல் கோப்பில் பத்திரமாக வையுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலரை ஒருமுறை நேரில் சந்தியுங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் பிள்ளைக்கு ஆடப் பிடிக்குமா, ஆடக் கற்றுக்கொடுக்கப் பிடிக்குமா? எதை வைத்துச் சொல்கிறோம்?
2. ஆசிரியர், பயிற்சியாளர், ஜிம் பயிற்றுநர் ஆகிய மூன்று வழிகளில் நம் வீட்டு வசதிக்கு எது பொருந்தும்?
3. 10-1 என்று தோற்ற பிறகு ரஹீம் சாஹிப் எதையெல்லாம் மாற்றினார்? நம் பிள்ளை தோற்று வரும்போது நாம் என்ன சொல்கிறோம்?
4. நம் மஹல்லாவில் பெண் பிள்ளைகள் விளையாட ஓர் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் ஜமாஅத்தில் யாரிடம் பேசலாம்?

எல்லாப் பிள்ளைகளும் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்று சொல்லவில்லை. வர வேண்டிய பிள்ளை விவரம் தெரியாமல் நின்றுவிடக் கூடாது என்பதுதான் ஆசை. அடுத்த மே மாதம் தேர்வு முடிவு வரும்போது, "சிப்காட்டா, இன்ஜினியரிங்கா?" என்பதோடு மூன்றாவதாக ஒரு கேள்வியும் நம் வீடுகளில் எழட்டும். எந்த வழியானாலும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நலவை நாடட்டும். ஆமீன்.